பன்னீர்த் திராட்சை

ஆறு மணி ஜீப்பில் பதினேழு பேர்.
லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவு வருமுன்பே
மடியிலிருக்கும் பாட்டிலை இறுக்கிக்கொள்வேன்.
கூடலூர்த் தண்ணி, இரண்டு லிட்டர்.
மேலே தண்ணிக்கா பஞ்சம்,
அணையே அங்கேதானே இருக்கிறது என்பார்கள்.
இருக்கட்டும்.
குமுளித் தண்ணி எனக்குச் சேராது.
குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.
ஹோட்டலில் பதிமுகம் போட்டுக் காய்ச்சிய
இளஞ்சிவப்புத் தண்ணியைக்கூட
யாரோ கை கழுவினாற்போல் இருக்கிறதென்று
தள்ளி வைத்தவள் நான்.

ஏலிக்குட்டி சேச்சி வீட்டு மாடியில்
வெளிநாட்டாருக்கு மூன்று அறை.
பெருக்குவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது என் வேலை.
நடு அறைக்கு வந்தவள் மாரெட்.
குழாயைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள்,
புருவத்தை உயர்த்தினாள்.
நான் சிரித்துவைத்தேன்.

பல் துலக்க மூடியில் அளந்து பாட்டில் தண்ணி.
சாற்றில் ஐஸ் மிதந்தால்
கரண்டியால் எடுத்துச் செடிக்குப் போடுவாள்.
மூடியின் வளையம் நறுக்கென்று முறியும் சத்தம்
காதில் விழுந்தால்தான் குடிப்பாள்.
குளிக்கும்போது வாயை மூடிக்கொண்டுதான் குளிப்பாளாம்,
சேச்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
அடுக்களைச் சன்னலில் என் பாட்டிலை வைத்துவிட்டு
நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை கொழுந்தனார் தோட்டத்தில் பழம் வெட்டு.
நல்ல கொத்தாக ஒன்று அவளுக்கு எடுத்தேன்.
துணியில் பொதிந்து, இருபத்துச் சொச்சம் முழங்கைகளுக்கு நடுவே
ஒரு பழம் நசுங்காமல் கொண்டுபோனேன்.
மருந்தடித்த சாம்பல் போகட்டுமென்று
குழாயடியில் நன்றாக, மிக நன்றாகக் கழுவினேன்.
சொட்டச் சொட்ட நீட்டினேன்.
"ஓசம்மா" என்றாள்.
என் பேர் ஒச்சம்மாள்.
கொட்டையைத் துப்பத் தெரியாமல் கடித்து விழுங்கி
முழுக் கொத்தையும் தின்றாள்.

வெள்ளி ராத்திரி தொடங்கிற்று.
சனிக்கிழமை விரிப்பை மூன்று முறை மாற்றினேன்.
என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்க
விரல் மடக்கினாள்.
தோசை, சூடாக. மீன், சூடாக. தண்ணி, பாட்டிலில்.
நாலாவது விரல் மடங்கவில்லை.
மறந்துவிட்டாளா, என் முகத்தைப் பார்த்துவிட்டாளா,
தெரியாது.
டாக்டர் பையின் அறுந்த பிடியையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழாய்தான் என்று யார் கண்டது?
மீனாக இருக்கலாம்.
பதினேழு பேர் பிடித்த ஜீப் கம்பியைப் பிடித்த
என் கையாகவும் இருக்கலாம்.

அன்று மலையிறங்கவில்லை.
தண்ணியைக் கொதிக்கவிட்டு ஆற்றி
லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.
அவள் டம்ளரைத் தொடவில்லை.
என் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி
முதலில் நான் குடித்துக் காட்டினேன்.
குமுளித் தண்ணியில் நான் குடித்த முதல் வாய்.
உப்பும் இனிப்பும்.
வேறு ருசி ஒன்றும் தெரியவில்லை.

அவள் தூங்கிய பிறகு படியில் உட்கார்ந்திருந்தேன்.
இந்நேரம் அணைத் தண்ணி
ராட்சதக் குழாய்களில் மலையிறங்கிக்கொண்டிருக்கும்.
கரண்டு சுற்றி, ஆறாகி, எங்கள் தெருவுக்கு வந்து
விடிந்தால் என் பாட்டிலில் ஏறி
ஜீப்புக்குக் காசு கொடுத்து
மறுபடி மேலே வரும்.
இத்தனை வருஷம் இதை நான்
யோசித்ததேயில்லை.

செவ்வாய்க்கிழமை மாரெட் கிளம்பினாள்.
வளையம் முறியாத பாட்டில் ஒன்று மேசையில் இருந்தது.
எனக்கென்று வைத்தாளோ, மறந்து வைத்தாளோ.

இப்போது யார் வந்து குழாயைக் காட்டினாலும்
கையால் வாயைப் பொத்திக் காட்டுகிறேன்.
பழம் கேட்டால் வாழை, ஆரஞ்சு.
உரிக்கும் வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.
திராட்சையை என்ன செய்வது?
போன மாதம் ஒருமுறை
காய்ச்சிய தண்ணியில் கழுவப் போனேன்.
ஆறட்டும் என்று பொறுக்கவில்லை.
தோல் வெடித்து, கொத்து உதிர்ந்து,
தண்ணி பதிமுகம் போட்டாற்போல் சிவந்தது.

அடுக்களையில் நின்று
நானே தின்றேன்,
சுடச் சுட.